மலையேறும் வண்டியின் மூச்சு



முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் பௌதிகம் கற்பித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலையும் கூடும் என்ற விதியை எத்தனை வகுப்புகளில் கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆயினும் அந்த விதியை நான் உள்ளபடியே கற்றுக்கொண்டது, ஓய்வு பெற்ற பிறகு, போடிமெட்டுச் சாலையில் ஒரு பழைய ஜீப்பின் முன்னால் நின்றபோதுதான். அதற்கு அடையாளமாக என் வலக்கையில் ஒரு தழும்பு இருக்கிறது. அந்தத் தழும்பு உண்டான வரலாற்றையும், அதன் பின்னர் அந்த ஜீப்பின் விசிறியையும் அது மூச்சிழுக்கும் வழியையும் நாங்கள் திருத்தியமைத்த முறையையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தேனி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது போடிநாயக்கனூர். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 350 மீட்டர் உயரம். அங்கிருந்து மேற்கே சென்றால் முந்தல் என்னும் சிற்றூர். அதைக் கடந்ததும் மலை தொடங்குகிறது. கொச்சியிலிருந்து தொண்டி வரை செல்லும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் இது. 17 கொண்டை ஊசி வளைவுகளில் சுழன்று சுழன்று ஏறி, ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் தமிழ்நாட்டின் எல்லையாகிய போடிமெட்டை அடைகிறது. மலையைக் கடந்து செல்லும் கணவாய் வழியை எங்கள் பக்கத்தில் ‘மெட்டு’ என்போம். மெட்டுக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். மலைச் சரிவெங்கும் ஏலத் தோட்டங்கள். விடியற்காலையில் போடியிலிருந்து தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் வரிசையாக இந்த மலையில் ஏறும். பொழுது சாயும்போது வரிசையாக இறங்கும்.

மோட்டார் வண்டிகள் மலிவதற்கு முன்னும் இந்த மலையில் சரக்குப் போக்குவரத்து இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூணாற்றுப் பக்கத்துத் தேயிலை, டாப் ஸ்டேஷன் என்னும் உச்சியிலிருந்து கம்பிவட வழியாகத் தொங்கியபடியே கோட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்து சேர்ந்தது. இறங்கும் பொருளுக்குப் பூமியின் ஈர்ப்பே துணை. ஏறும் பொருளுக்கு அந்தத் துணை இல்லை. ஏறும் ஒவ்வொரு மீட்டருக்கும் ஆற்றலை நாம் செலவிட்டாக வேண்டும். இந்தக் கருத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் நமக்குப் பயன்படும்.

ஓய்வு பெற்ற பின் வாரத்தில் இரண்டு நாள் நான் மலைக்குச் சென்று, தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுத்து வந்தேன். அதற்காக ஒரு பழைய ஜீப்பை வாங்கினேன். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லும் வண்டி. டீசல் எஞ்சின், அதன் கொள்ளளவு ஏறத்தாழ 2,100 கன சென்டிமீட்டர். ஜீப் என்பது இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் பிறந்த வண்டி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். போர் முடிந்த பின், 1940களின் பிற்பகுதியில், மகீந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. அந்த மரபில் வந்த வண்டிகளைத்தான் எங்கள் மலைச் சாலைகளில் இன்றும் பார்க்கிறீர்கள். பழைய வண்டியானாலும் பிரித்துப் பார்க்க எளிது. ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும். கற்க விரும்புவோனுக்கு இதைவிட நல்ல பாடநூல் இல்லை.

நான் வாங்கிய வண்டியில் ஒரு குறை இருந்தது. எஞ்சினின் சூட்டைக் காட்டும் முள் அசையாமல் கிடந்தது. “வண்டி ஓடுகிறது அல்லவா, முள் எதற்கு?” என்று அதை நான் அலட்சியம் செய்தேன். சோதனைச் சாலையில் வெப்பமானி உடைந்திருந்தால் சோதனையையே நிறுத்திவிடுகிற ஆசிரியன், தன் சொந்த வண்டியில் அவ்வாறு செய்தேன்.

ஒரு பங்குனி மாதப் பிற்பகல். தேர்வு எழுதுவதற்காகப் போடிக்கு வந்திருந்த நான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். முந்தலில் ஏறத் தொடங்கி, பாதி வளைவுகளைக் கடந்திருப்போம். வண்டியின் வலு குறைந்தது. முன்புறத்திலிருந்து ஆவி எழுந்தது. ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் தூக்கினேன். ‘தண்ணீர் குறைந்திருக்கும், ஊற்றினால் சரியாகும்’ என்று எண்ணி, ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டரின் மூடியைத் திருகினேன்.

மூடி கையைவிட்டுப் பறந்தது. கொதிநீரும் ஆவியும் ஆள் உயரத்துக்குப் பீறிட்டன. என் கை வெந்தது. அதுவன்று பெரிது. வேடிக்கை பார்க்க வந்த எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எனக்கு வலப்புறம் நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்துக்கும் அந்த நீருக்கும் இடையே ஒரு முழ தூரமே இருந்தது. அன்று மாலைக் காற்று மறுபக்கம் அடித்ததனால் அவன் தப்பினான். என் கைப்புண் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. அந்த ஒரு முழத்தை எண்ணும்போது இன்றைக்கும் எனக்கு உடல் நடுங்குகிறது.

நடந்தது என்ன? நீர் சாதாரணக் காற்றழுத்தத்தில் 100 டிகிரியில் கொதிக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால், ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் கொதிநிலையும் குறைகிறது. போடிமெட்டில் திறந்த பாத்திரத்தில் வைத்த நீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அதனால்தான் ரேடியேட்டருக்கு வெறும் மூடி போடாமல், வில் பொருத்திய அழுத்த மூடி போடுகிறார்கள். நம் வீட்டுக் குக்கர் செய்யும் வேலையையே அது செய்கிறது. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, 105, 110 டிகிரியிலும் நீர் கொதிக்காமல் பார்த்துக்கொள்கிறது. அந்த மூடியை நாம் திறக்கும் கணத்தில் அழுத்தம் போய்விடுகிறது. 105 டிகிரியில் அமைதியாக இருந்த நீர், 97 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீராகிவிடுகிறது. அதன் ஒரு பகுதி அந்த நொடியிலேயே ஆவியாகி, மீதியையும் தள்ளிக்கொண்டு வெளியே பாய்கிறது. ஆவி வெளியேறாத குக்கரைத் திறக்கக் கூடாதென்று நம் தாய்மார் அனைவரும் அறிவர். பௌதிக ஆசிரியன் அதை மறந்தான்.

ஆகவே மாணவர்களே, ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். கொதித்து நின்ற வண்டியின் மூடியை உடனே திறக்காதீர்கள், திறக்கவும் விடாதீர்கள். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். ஆறாத எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றவும் கூடாது. சூடான வார்ப்பிரும்பு திடீரெனச் சுருங்கி விரிசல் விடும்.

கை ஆறியதும் வண்டியைப் போடியில் ஒரு பட்டறைக்குக் கொண்டு சென்றேன். அங்கிருந்த மெக்கானிக் நாற்பது வயதை எட்டியவர். மலை வண்டிகளிலேயே வளர்ந்தவர்.

“தம்பி, இதற்குப் பெரிய விசிறியாக ஒன்று வாங்கிப் போட்டுவிடு” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “போட்டுவிடலாம் ஐயா. வண்டி எங்கே கொதிக்கிறது? சமவெளியில் வேகமாகப் போகும்போதா, மலையில் மெதுவாக ஏறும்போதா?” என்று கேட்டார்.

“மலையில் மட்டுந்தான்” என்றேன்.

“அப்படியானால் தண்ணீர் ஓட்டத்தில் பெரிய குறை இருக்காது, காற்று ஓட்டத்தில்தான் குறை. தேனி ரோட்டில் எண்பதில் போகும்போது கொதித்தால் ரேடியேட்டருக்குள் அடைப்பு என்று பார்ப்பேன்” என்றார்.

எத்தகைய கேள்வி பாருங்கள்! நோயாளியைப் பார்க்காமல் மருந்து கேட்டவன் நான். நோயின் முதலை நாடிய மருத்துவர் அவர். அவர் கேள்விக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைச் சற்று விளக்குகிறேன்.

எரிபொருளின் வெப்பம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. பழைய பாடநூல்கள் தோராயமாக இவ்வாறு பங்கிடும்: மூன்றில் ஒரு பங்கு வேலையாகிறது, ஒரு பங்கு புகையோடு போகிறது, ஒரு பங்கு எஞ்சினைச் சூழ்ந்துள்ள நீருக்குப் போகிறது. அதாவது, மலையேறச் செலவிடும் வேலை எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு வெப்பத்தை அந்த நீர் தாங்க வேண்டும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து வண்டியின் நிறை 2,000 கிலோகிராம் என்று கொள்வோம். போடியிலிருந்து மெட்டு வரை ஏற்றம் 1,050 மீட்டர். ஈர்ப்பு முடுக்கம் 9.8. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 2 கோடி ஜூல் வருகிறது. தரையின் உராய்வையும் காற்றின் தடையையும் சேர்க்காமலே இவ்வளவு. இதே அளவு வெப்பம் நீருக்கும் போகிறது. வண்டியில் உள்ள நீர் 10 லிட்டர் என்றால், அதை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேற்ற ஏறத்தாழ 30 லட்சம் ஜூல் போதும். எனவே ஒருமுறை மலையேறுவதற்குள், வண்டியிலுள்ள நீர் முழுவதையும் பச்சைத் தண்ணீரிலிருந்து கொதிநிலைக்கு ஏழு முறை கொண்டுபோகும் வெப்பம் அதில் சேர்கிறது. அத்தனை வெப்பத்தையும் ரேடியேட்டர் வழியாகக் காற்றிடம் ஒப்படைத்தாக வேண்டும்.

சமவெளியில் வண்டி விரைந்து செல்லும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குள் புகுந்து வெப்பத்தை வாரிக்கொண்டு போகும். மலையில் வண்டி 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது, எதிர்க்காற்று இல்லை. வெப்பமோ மிகுதி. அந்நேரத்தில் விசிறி ஒன்றே துணை. எங்கள் வண்டியின் பழைய விசிறி, எஞ்சினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்டது. எஞ்சின் விரைந்தால் விசிறியும் விரையும். எஞ்சின் தளர்ந்தால் விசிறியும் தளரும். மலையேற்றத்தில் கியரைக் குறைக்காமல் எஞ்சினைத் திணறவிட்டால், காற்று மிகவும் வேண்டிய நேரத்தில் விசிறி சோம்பி நிற்கும். நான் அவ்வாறுதான் ஓட்டி வந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நீரின் தொல்லை மோட்டார் வண்டியோடு கூடப் பிறந்தது. 1888இல் பெர்த்தா பென்ஸ் என்னும் அம்மையார், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியில் தம் பிள்ளைகள் இருவரோடு ஜெர்மனியில் மன்ஹைம் நகரிலிருந்து போர்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தார். அந்த வண்டியில் ரேடியேட்டர் இல்லை. நீர் கொதித்து ஆவியாகிப் போவதாலேயே எஞ்சின் குளிர்ந்தது. எனவே வழியெங்கும் நிறுத்தி நிறுத்தி நீர் ஊற்ற வேண்டியிருந்தது. மேட்டில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். பிறகு, 1900ஆம் ஆண்டையொட்டி, வில்ஹெல்ம் மைபாக் என்னும் பொறியியலார் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். அதே நீரைக் கொட்டிவிடாமல், மீண்டும் மீண்டும் குளிரவைத்துப் பயன்படுத்தும் வழி அப்போதுதான் செம்மை பெற்றது.

பட்டறைக்குத் திரும்புவோம். மெக்கானிக் முதலில் வாங்கச் சொன்னது விசிறியன்று. வெப்பத்தைக் காட்டும் புதிய கருவி. “முள் வேலை செய்யாமல் எதை மாற்றினாலும், மாற்றியது பயன்பட்டதா என்று எப்படித் தெரியும் ஐயா?” என்றார். சோதனைச் சாலையில் நான் மாணவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. கருவியைப் பொருத்தினோம். முந்தலிலிருந்து மேலே ஏறி, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முள் காட்டியதைக் குறித்துக்கொண்டோம். எட்டாவது வளைவில் 100. பத்தாவது வளைவில் 104. அங்கேயே நிறுத்தி, ஆறவைத்து, திரும்பிவிட்டோம்.

இரண்டாவதாக, ரேடியேட்டரைக் கழற்றினோம். மெல்லிய தகட்டு இடுக்குகளில் செம்மண்ணும் பூச்சிகளும் இலைத் துகளும் அப்பிக் கிடந்தன. எஞ்சின் பக்கமிருந்து நீரை மெல்லப் பாய்ச்சிக் கழுவினோம். நீரின் ஓட்டத்தை அளந்து திறக்கும் தெர்மாஸ்டாட்டை வெந்நீரில் போட்டு, அது உரிய சூட்டில் திறக்கிறதா என்று பார்த்தோம், திறந்தது. அப்போது மெக்கானிக் வேறொன்றைக் காட்டினார். விசிறியைச் சுற்றி இருக்க வேண்டிய தகரக் கூடு இல்லை. முன்பு எவரோ பழுது பார்க்கக் கழற்றியவர், திரும்பப் பூட்டாமல் விட்டிருக்கிறார். கூடு இல்லாவிட்டால் விசிறி தன் ஓரத்தில் உள்ள காற்றையே சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டிருக்கும். கூடு இருந்தால் ரேடியேட்டரின் முழுப் பரப்பிலிருந்தும் காற்றை இழுக்கும். அடுப்பூதும் குழலின் பயனை எண்ணிக்கொள்ளுங்கள். வாயால் வெறுமே ஊதுவதற்கும் குழல் வழியே ஊதுவதற்கும் உள்ள வேறுபாடே இது.

கழுவிய ரேடியேட்டரோடும் புதிய தகரக் கூட்டோடும் மறுபடி ஏறினோம். பத்தாவது வளைவில் முள் 97 காட்டியது. விசிறியை மாற்றாமலே 7 டிகிரி குறைந்துவிட்டது. முதலிலேயே பெரிய விசிறி வாங்கியிருந்தால், இந்தக் குறைகளை மூடி மறைத்திருப்போமே அன்றித் தீர்த்திருக்க மாட்டோம்.

மூன்றாவதாகவே விசிறிக்கு வந்தோம். பெல்ட்டில் சுழலும் விசிறியை எடுத்துவிட்டு, 12 வோல்ட் மின்சார விசிறியைப் பொருத்தினோம். பெல்ட்டை எடுக்கவில்லை, நீரைச் சுற்றியனுப்பும் பம்பை அதுவே சுழற்றுகிறது. மின்விசிறியின் நன்மை இரண்டு. எஞ்சின் எவ்வளவு மெதுவாகச் சுழன்றாலும் விசிறி தன் முழு வேகத்தில் சுழலும். தேவையில்லாதபோது நின்றுவிடும். இரண்டாவது நன்மை சிறிதன்று. விசிறியின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் காற்றும் இரு மடங்காகும். ஆனால் அதைச் சுழற்றத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். எனவே சமவெளியில் எஞ்சின் விரையும்போது, எதிர்க்காற்றே போதுமென்றிருக்க, பெல்ட் விசிறி வீணாக எஞ்சினின் வலுவைத் தின்றுகொண்டிருக்கும்.

ஆனால் மின்விசிறிக்கு உண்ண மின்சாரம் வேண்டும். நாங்கள் வாங்கியது 15 ஆம்பியர் இழுக்கும். எங்கள் வண்டியின் ஆல்டர்னேட்டர் தருவது மிகுதியானால் 35 ஆம்பியர். மெட்டில் மூடுபனியோடு மழையும் பெய்யும் இரவை எண்ணிப் பார்த்தோம். முன்விளக்குகள் இரண்டுக்கும் 10 ஆம்பியர், மழைத் துடைப்பானுக்கு 4, விசிறிக்கு 15, ஆக 29. மிச்சம் 6. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது ஆல்டர்னேட்டரின் வரவும் குறையும் என்பதால், இந்த மிச்சம் தாராளமானதன்று, போதுமானது, அவ்வளவே. இதைவிடப் பெரிய விசிறியை நான் விரும்பியபோது மெக்கானிக் இந்தக் கணக்கைக் காட்டித்தான் மறுத்தார். பழைய டைனமோ உள்ள வண்டிகளில் இந்த மாற்றத்தை இன்னும் எச்சரிக்கையோடு செய்ய வேண்டும்.

விசிறிக்கு நேரே பாட்டரியிலிருந்து தடித்த கம்பி போட்டு, இடையில் ஒரு பியூஸும் ஒரு ரிலேயும் வைத்தோம். 92 டிகிரியில் விசிறி ஓடத் தொடங்கும்; 87இல் நிற்கும். விசிறி ஓடுவதை அறிய முகப்பில் ஒரு சிறு விளக்கு. கழற்றிய பழைய விசிறியையும் அதன் திருகாணிகளையும் எறியவில்லை. இருக்கைக்கு அடியில் கட்டி வைத்திருக்கிறோம். மின்விசிறி ஒருநாள் நின்றுபோனால், வழியிலேயே பழையதைப் பூட்டிக்கொண்டு வீடு திரும்பலாம்.

இனி, மூச்சின் கதை. ஒரு லிட்டர் டீசல் எரிவதற்குக் குறைந்தது 12 கிலோகிராம் காற்று வேண்டும். கன அளவில் அது 10,000 லிட்டர் ஆகும். டீசலைச் சில லிட்டர்க் கணக்கில் ஊற்றுகிற நாம், எஞ்சின் இத்தனை பெருங்காற்றை உண்கிறது என்பதை எண்ணுவதேயில்லை. எங்கள் வண்டியின் காற்று வடிகட்டியின் வாய், பானெட்டுக்குள் எஞ்சினுக்கு அருகே இருந்தது. ரேடியேட்டரைக் கடந்து சூடாகி வந்த காற்றையே எஞ்சின் மீண்டும் மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தது. பனி பெய்யும் நாடுகளில், பெட்ரோல் எஞ்சினின் கார்புரேட்டர் உறைந்துவிடாமல் இருக்க வெதுவெதுப்பான காற்று நன்று. போடிச் சாலைக்கு அது பொருந்தாது.

வடிகட்டியின் வாயில் ஒரு வெப்பமானியைக் கட்டிப் பார்த்தேன். வெளியே 31 டிகிரி; அங்கே 58 டிகிரி. சூடான காற்று விரிகிறது. ஒரே கன அளவில் அதன் நிறை குறைகிறது. செல்சியசோடு 273 கூட்டித் தனி வெப்பநிலையில் கணக்கிட்டால், 304க்கும் 331க்கும் உள்ள விகிதம். அதாவது, எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்று நூற்றுக்கு 8 பங்கு குறைந்துபோகிறது. இதற்கு மேல் மலையும் தன் பங்கைக் குறைக்கிறது. போடியைவிட மெட்டில் காற்றழுத்தம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. குளிர்ச்சி அந்தக் குறையைச் சிறிது ஈடு செய்யும், முழுதும் செய்யாது. காற்று குறைய, டீசல் மட்டும் குறையாமல் பாய்ந்தால் என்னாகும்? முழுதும் எரியாத கரி, கரும்புகையாக வெளிவரும். வலு குறையும், ஓட்டுபவன் மேலும் மிதிப்பான், சூடு மேலும் கூடும். விசிறிக்கும் மூச்சுக்கும் உள்ள உறவு இப்போது விளங்கும். மூச்சு திணறும் எஞ்சின் அதே மலையை ஏற அதிகம் எரிக்கிறது. அதிகம் எரிப்பது அதிகம் கொதிக்கிறது.

மலையின் உயரத்தை நாம் மாற்ற முடியாது. காற்றை எடுக்கும் இடத்தை மாற்றலாம். ரப்பர்க் குழாய் ஒன்றின் வழியாக வடிகட்டியின் வாயைப் பானெட்டுக்கு வெளியே, சக்கர மூடிக்கு மேல் உயரத்தில் கொண்டுவந்தோம். குழாய் குறுகினால் மூச்சு திணறுமாதலால் வடிகட்டியின் வாயளவுக்குக் குறையாத அகலத்தில் அமைத்தோம். தாழ வைத்தால் காற்று இன்னும் குளிர்ச்சியாகக் கிடைக்கும் என்று நான் சொன்னேன். மெக்கானிக் தலையசைத்தார். “ஆடி மாதத்தில் ரோட்டில் தண்ணீர் ஓடும் ஐயா. ஒரு செம்பு தண்ணீரை எஞ்சின் இழுத்துவிட்டால் போதும்” என்றார். காற்றை அமுக்கலாம்; நீரை அமுக்க முடியாது. உருளைக்குள் நீர் புகுந்தால், மேலெழும் பிஸ்டன் பாறையில் மோதியதுபோல் மோதி, அதைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். ஆகவே குழாயின் வாயை உயர்த்தி, மழை நேரே விழாதபடி கீழ்நோக்கி வளைத்தோம். உள்ளிருந்த எண்ணெய் வடிகட்டியை மாற்றவில்லை. தூய்மை செய்து எண்ணெய் மட்டும் புதிதாக ஊற்றினோம். புழுதிச் சாலையில் வடிகட்டியைக் குறைத்து வலுவைக் கூட்ட முயல்வது, எஞ்சினுக்கு மணலை ஊட்டுவதாகும்.

எல்லாம் முடிந்ததும், அதே நான்கு பேர் எடையை மூட்டைகளாக ஏற்றிக்கொண்டு, அதே பிற்பகல் வேளையில் ஏறினோம். வடிகட்டி வாயில் வெளிக்காற்றைவிட 5 டிகிரி மட்டுமே மிகுதி. கரும்புகை குறைந்தது. எட்டாவது வளைவில் முள் 91, பத்தாவது வளைவில் விசிறி தானே ஓடத் தொடங்கியது, 93ஐத் தாண்டவில்லை. மெட்டில் நிறுத்தியபோது 90. அந்தக் குறிப்பேட்டை இன்றும் வைத்திருக்கிறேன். ஆனால் இவ்வளவும் விசிறியின் பெருமை என்று நான் சொல்லமாட்டேன். கழுவியதற்கும் கூட்டுக்கும் ஒரு பங்கு; விசிறிக்கு ஒரு பங்கு; மூச்சுக்கு ஒரு பங்கு; சரியான கியரில் ஓட்டக் கற்ற எனக்கும் ஒரு சிறு பங்கு.

உங்களில் சிலர் இதைக் கேட்டு வண்டிகளை மாற்றியமைக்க ஆவல் கொள்ளலாம். நன்று. ஆயினும் ஓர் எல்லையை அறிந்துகொள்ளுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. எஞ்சினையே மாற்றுவது போன்ற செயல்களுக்கு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். எதையும் செய்வதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்வது அறிவுடைமை. மேலும், ஒரு ஜீப்பின் விசிறியைத் திருத்திவிட்டோம் என்பதற்காக அதில் இரு மடங்கு ஆட்களை ஏற்றலாகாது. நாம் கண்ட கணக்கில் நிறை இரு மடங்கானால் வெப்பமும் இரு மடங்கு. இறங்கும்போது பிரேக்குகள் தாங்க வேண்டிய சுமையும் அவ்வாறே.

அன்று என் அருகே நின்ற சிறுவன் இப்போது போடியில் மேல்நிலை வகுப்பில் படிக்கிறான். சென்ற மாதம் வண்டியில் வரும்போது முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தவன், “ஐயா, மேலே போகப் போகக் காற்று குளிர்கிறது, அப்படியானால் எஞ்சின் இன்னும் நன்றாகக் குளிர வேண்டுமே?” என்று கேட்டான். நல்ல கேள்வி. “குளிர்கிறது, ஆனால் மெலிகிறது. விசிறி அதே கன அளவைத் தள்ளினாலும் அதில் காற்றின் நிறை குறைவு. இரண்டில் எது மிஞ்சும் என்று நீயே கணக்கிட்டுச் சொல்” என்றேன். அடுத்த வாரம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தான். ஒரு பெருக்கலில் தவறியிருந்தான். வழி சரியாக இருந்தது.

அந்தக் கணக்கை உங்களுக்கும் விட்டுவிடுகிறேன். போடியில் 35 டிகிரி, மெட்டில் 25 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றழுத்தம் எட்டில் ஒரு பங்கு குறைவு. முள் 90 காட்டும் ரேடியேட்டருக்கு எந்த இடத்தில் நன்றாகக் குளிரும்? விடையை யாரிடமும் கேளாதீர்கள். தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். பிறகு வாய்ப்புக் கிடைத்தால் மலைக்கு வந்து, ஒரு வெப்பமானியோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள். மூடியை மட்டும் திறக்க வேண்டாம்.